முகாமுக்கு மருந்து போனால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

அகதி முகாம்களுக்கும் ஏழை நாடுகளுக்கும் வெளிநாட்டு நிதியில் போகும் மகப்பேறு, கருத்தடை உதவிகள் பற்றி வந்த கேள்விகளில் ஐந்து.

கேள்வி: போரோ வெள்ளமோ வந்த இடங்களில் உள்ள கர்ப்பிணிகளுக்கு எங்கள் மகளிர் குழு ஏதாவது அனுப்ப நினைக்கிறது. புடவை, நாப்கின், பால் பவுடர் டின் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். சரிதானா? – ஒரு வாசகி, கும்பகோணம்

பால் பவுடரை முதலில் அடித்துவிடுங்கள். நல்ல தண்ணீரும், பாட்டிலைக் கொதிக்கவைக்க விறகும் இல்லாத கூடாரத்தில் அது குழந்தைக்கு வயிற்றுப்போக்கில் போய் முடியும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தவளும் பாட்டிலுக்கு மாறினால் அவளுக்குப் பால் குறைந்துவிடும். தாயை இழந்த குழந்தைகளுக்கு எது தேவை என்பதை அங்குள்ள ஊட்டச்சத்துக் குழு ஒவ்வொருவராகப் பார்த்து முடிவு செய்யும்.

நாப்கின் அனுப்பலாம். ஆனால் உள்ளாடை இல்லாதவர் ஒட்டும் நாப்கினை எதில் ஒட்டுவார்? அதனால்தான் நிவாரணப் பைகளில் உள்ளாடை, சோப்பு, டார்ச் எல்லாம் சேர்த்து வைக்கிறார்கள். துணி நாப்கின் என்றால் வாளியும், ஆண்கள் கண்ணில் படாமல் காயப்போட ஒரு மறைவும் வேண்டும்.

பிரசவத்துக்கு வருவோம். முகாமில் 10,000 பேர் இருந்தால், அதில் 15 முதல் 49 வயதுப் பெண்கள் ஏறக்குறைய 2,500 பேர். ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பிரசவம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மூன்று மாதத்தில் 100 பிரசவம். ஐ.நா. மக்கள்தொகை நிதியம் அனுப்பும் பெட்டிகளும் இந்தக் கணக்கில்தான் அடுக்கப்படுகின்றன: சமூக அளவுக்கு 10,000 பேர், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 பேர், அறுவை சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு 1,50,000 பேர், எல்லாம் மூன்று மாதத்துக்கு.

மருத்துவமனைக்குப் போக முடியாத பெண்ணுக்குத் தரும் சிறு பையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. தரையில் விரிக்க பிளாஸ்டிக் விரிப்பு, கை கழுவ சோப்பு, புது பிளேடு, தொப்புள்கொடியை இரண்டு இடத்தில் கட்ட நூல், குழந்தையைத் துடைக்கவும் சுற்றவும் பருத்தித் துணி, கையுறை. இரண்டு கட்டுக்கும் நடுவில் அறுக்க வேண்டும். துருப்பிடித்த கத்தி, சாம்பல், சாணம் எதுவும் தொப்புள் பக்கம் வரக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும்.

இந்தப் பை தொற்றைத் தடுக்கும், உதிரப்போக்கை நிறுத்தாது. அந்த 100 பேரில் 15 பேருக்காவது சிக்கல் வரும் என்று எதிர்பார்த்துத்தான் திட்டமிடுவார்கள். ஆக உங்கள் பணம் உண்மையில் வேலை செய்யும் இடம், அவர்களை ஏற்றிக்கொண்டு இரவு இரண்டு மணிக்கு மருத்துவமனைக்கு ஓடும் வண்டியின் டீசல். பொருளாக அனுப்பாமல் பணமாகக் கொடுங்கள். சுங்கத்தில் மாதக்கணக்கில் கிடந்து காலாவதியாகும் பெட்டிகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

கேள்வி: ஆக்ஸிடோசின் ஊசி மலிவுதானே? அது இருந்தும் ஏழை நாடுகளில் பிரசவத்துக்குப் பின் ரத்தம் போய்ச் சாகிறார்களே, ஏன்? – ஒரு மருந்தாளுநர், நாமக்கல்

மலிவுதான். வினை அதைப் பாதுகாப்பதில் இருக்கிறது. கருப்பையை இறுக்கி உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்த ஆம்பூலையும் (ஊசி மருந்துக் குப்பி) ஃப்ரிட்ஜில் இருந்த ஆம்பூலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது. நர்ஸ் 10 யூனிட் போடுவார், கருப்பை இறுகாது, இன்னொன்று போடுவார். அறை வெப்பத்தில் வைக்கலாம் என்று சில தயாரிப்பாளர்கள் லேபிளில் அச்சடித்தது குழப்பத்தைக் கூட்டியது. இதைவிட வேடிக்கை, அதே நிலையத்தில் தடுப்பூசி ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். ‘அது தடுப்பூசித் திட்டத்துடையது’ என்று ஆக்ஸிடோசினை உள்ளே விடமாட்டார்கள். இரண்டையும் ஒரே ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று ஐ.நா. அமைப்புகள் கூட்டறிக்கை விட வேண்டியிருந்தது!

மாற்று இரண்டு உண்டு. ஒன்று, வெப்பம் தாங்கும் கார்பெடோசின், 100 மைக்ரோகிராம். 10 நாடுகளில் ஏறக்குறைய 30,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது; தடுப்பதில் ஆக்ஸிடோசினுக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. அரசு மருத்துவமனைகளுக்கு ஆம்பூல் சுமார் 31 சென்ட். ஒரு எச்சரிக்கை: இது குழந்தை பிறந்த பிறகு மட்டுமே. வலியைத் தூண்ட ஆக்ஸிடோசின் ஏற்றிப் பழகிய கை, அதே பழக்கத்தில் இதை எடுத்துவிடக் கூடாது.

இன்னொன்று மிசோபிரோஸ்டால் மாத்திரை. நேபாளத்தில் 2005-இல் பாங்கே மாவட்டத்தில் தொடங்கியது இது. கிராமத்துப் பெண் தன்னார்வலர் எட்டாம் மாதத்தில் வீட்டுக்கே வந்து 200 மைக்ரோகிராம் மாத்திரை மூன்றைக் கொடுப்பார். ‘மாத்ரி சுரக்ஷா சக்கி’, அதாவது தாயைக் காக்கும் மாத்திரை என்று பெயர். குழந்தை பிறந்ததும், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று பார்த்த பிறகு, நஞ்சுக்கொடி விழக் காத்திராமல் மூன்றையும் ஒன்றாக விழுங்க வேண்டும். இரட்டைக் குழந்தை இருக்கும்போது விழுங்கினால் ஆபத்து. குளிரும் காய்ச்சலும் வரும், தானாகத் தணியும். ஆஸ்பத்திரியில் பிரசவித்தவர் மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: ஆப்பிரிக்காவில் பெண்கள் தாங்களே கருத்தடை ஊசி போட்டுக்கொள்கிறார்களாமே? – ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

ஆமாம். மருந்தும் ஊசியும் ஒன்றாக உள்ள சின்ன பிளாஸ்டிக் குமிழ் அது. 0.65 மில்லியில் 104 மில்லிகிராம் மருந்து, மூன்று மாதம் தாங்கும். நர்ஸ் சதையில் போடும் பழைய ஊசியில் 150 மில்லிகிராம். இது தோலுக்கு அடியில் போவதால் குறைவே போதும்.

கையைக் கழுவி, குமிழை அரை நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும்; மருந்து அடியில் தங்கிவிடும் என்பதால் இதில் அவசரம் கூடாது. பிறகு மூடியைக் குமிழை நோக்கி இடைவெளி இல்லாமல் அழுத்த வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: முழுதாக அழுத்தாவிட்டால் உள்ளே வழி திறக்காது, மருந்து வராது. மூடியைக் கழற்றி, வயிற்றிலோ தொடையிலோ தோலைக் கிள்ளிப் பிடித்து, ஊசி கீழ்நோக்கி இருக்கும்படி குத்தி, குமிழை 5 முதல் 7 விநாடி மெதுவாகப் பிதுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. ஊசியைக் கெட்டி டப்பாவில் போட்டு மூட வேண்டும். மாதவிடாய் தொடங்கி 7 நாளுக்குள் போட்டால் உடனே பாதுகாப்பு. அதற்குப் பின் என்றால் ஒரு வாரம் ஆணுறை வேண்டும்.

மாதவிடாய் தாறுமாறாகும், பலருக்கு நின்றேபோகும். இதை முன்பே சொல்லாமல் கொடுத்தால் பயந்து விட்டுவிடுவார்கள். நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதம் தாமதமாகலாம். எச்.ஐ.வி.யிலிருந்து காக்காது. மலாவியில் ஒப்பிட்டுப் பார்த்ததில் ஓராண்டு கழித்தும் தொடர்ந்தவர்கள், தாமே போட்டுக்கொண்டவர்களில் 73 சதவீதம், நிலையத்துக்கு வந்து போட்டுக்கொண்டவர்களில் 45 சதவீதம். பஸ் கட்டணமும் பாதி நாள் கூலியும் மிச்சமாகின்றன என்றால் வேறென்ன நடக்கும்?

கேள்வி: அமெரிக்காவில் அதிபர் மாறினால் ஆப்பிரிக்காவில் கிளினிக் மூடுவதேன்? – ஒரு வாசகர், திருநெல்வேலி

கருக்கலைப்புக்கு அமெரிக்க உதவிப் பணத்தைச் செலவிடுவதை 1973-லேயே தடுத்துவிட்டார்கள். 1984-இல் ரீகன் ஆட்சி ஒரு படி மேலே போனது: தன் சொந்தப் பணத்தில்கூடக் கருக்கலைப்பு செய்யும், பரிந்துரைக்கும் வெளிநாட்டு அமைப்புக்குக் குடும்பக்கட்டுப்பாட்டு நிதி கிடையாது. கிளின்டன் 1993-இல் இந்தத் தடையை நீக்கினார், புஷ் 2001-இல் திரும்பக் கொண்டுவந்தார், ஒபாமா 2009-இல் நீக்கினார், டிரம்ப் 2017-இல் இன்னும் விரித்தார், பைடன் 2021-இல் நீக்கினார், 2025-இல் மீண்டும் டிரம்ப். புஷ் காலத்தைப் பற்றிய ஓர் ஆய்வு, இந்த நிதியை அதிகம் நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகளில் கருத்தடைப் பயன்பாடு குறைந்து, கருக்கலைப்பு சுமார் 40 சதவீதம் கூடியதாகக் காட்டியது. தடுக்க நினைத்ததே கூடிப்போனது. 2025-இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எயிட்டையே மூடினார்கள். பெல்ஜியத்தின் கீல் நகரக் கிடங்கில் இருந்த சுமார் 97 லட்சம் டாலர் கருத்தடைப் பொருள்களை அழிக்கப்போவதாகவும் அறிவித்தார்கள்.

கேள்வி: இதெல்லாம் ஏழைகள் பிள்ளை பெறாமல் தடுக்கும் பணக்கார நாடுகளின் வேலைதானே? – ஒரு வாசகர், புதுச்சேரி

சந்தேகம் நியாயமானது. நெருக்கடிநிலைக் காலத்தில் இந்தியாவில் ஒரே ஆண்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் ஆண்களுக்கு, கருத்தடை அறுவை நடந்தது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்குத் தூண்டுதல் வெளியிலிருந்தும் வந்தது. 1994-இல் கெய்ரோவில் 179 நாடுகள் கூடி, இலக்கு எண் வைத்துத் துரத்துவதை விட்டுப் பெண்ணின் முடிவை நடுவில் வைப்பதாக ஒப்புக்கொண்டன. தாளில் எழுதியது அது. நடைமுறையில் எப்படி என்று தெரிய, கையில் தோலுக்கு அடியில் வைத்தால் சில ஆண்டுகள் கரு தங்காமல் தடுக்கும் சிறு குச்சியான இம்ப்ளாண்ட்டைப் பாருங்கள்.

2013-இல் பெருமளவு வாங்குவதாக நன்கொடையாளர்கள் உறுதி கொடுத்ததும் ஒன்றின் விலை 18 டாலரிலிருந்து 8.50-க்கு இறங்கியது. லட்சக்கணக்கில் வைத்தார்கள். வைக்க எல்லோருக்கும் பயிற்சி, எடுக்க யாருக்கும் இல்லை என்ற நிலை பல இடங்களில் வந்தது. ‘தலைவலிக்கிறது, எடுத்துவிடுங்கள்’ என்று வந்தவரை ‘இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதே’ என்று திருப்பி அனுப்பினார்கள். மேல்கையின் உட்புறத்தில், தோலுக்குச் சற்றுக் கீழே, விரலால் தடவினால் குச்சி தட்டுப்படும்படி வைக்க வேண்டும். வைத்ததும் அந்தப் பெண்ணையும் தடவிப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆழமாகப் போய்விட்டால் ஸ்கேன் வேண்டும், தேர்ந்த கை வேண்டும். ஒரு திட்டத்தை எடைபோட, எத்தனை குச்சி வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். எடுக்கும் நாளில் அந்த நிலையத்தில் மரத்துப்போக வைக்கும் ஊசியும், சின்ன ஃபோர்செப்ஸும், எடுக்கத் தெரிந்த நர்ஸும் இருந்தார்களா, காசு கேட்டார்களா என்று கேளுங்கள்.