பசுமைக் கட்டடம்: உங்கள் கேள்விகளுக்கு எங்கள் பதில்கள்

கேள்வி: 1,400 சதுர அடியில் வீடு கட்டப்போகிறோம். பசுமைச் சான்றிதழ் வாங்கினால் வீட்டின் மதிப்பு கூடும் என்கிறார் எஞ்சினியர். வாங்கலாமா?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: தனி வீட்டுக்குத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. இங்கே அதிகம் புழங்கும் சான்றுகள் மூன்று. இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001-இல் தொடங்கிய ஐ.ஜி.பி.சி. (இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில்), ஐதராபாத்திலிருந்து இயங்குகிறது. டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனமும் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து கொண்டுவந்த கிருஹா, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் தரும். 2,500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களுக்கு ஸ்வகிருஹா என்று அதிலேயே தனிப் பிரிவு உண்டு. உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. தரும் எட்ஜ் சான்றுக்கு மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள் தயாரிப்பில் செலவாகும் ஆற்றல் (அல்லது வெளியாகும் கார்பன்) ஆகிய மூன்றிலும் குறைந்தது 20 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும்.

அடுக்குமாடி, பள்ளி, மருத்துவமனை என்றால் மூன்றாம் ஆள் ஒருவர் சரிபார்ப்பதில் பலன் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பதிவுக் கட்டணமும் ஆலோசகர் சம்பளமும் சேர்த்துக் கொடுப்பதை மொட்டை மாடியில் போடுங்கள். சான்றுப் பலகை மாட்டினால் கரண்டு பில் குறையாது. மேல்தளமும் சன்ஷேடும் சரியாக இருந்தால் குறையும்.

கேள்வி: மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்தும், இரவு 11 மணி வரை அறை அனலாக இருக்கிறது. ஏன்?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: பெயின்ட் வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளே போன சூட்டைத் தடுக்காது. ஐந்து அங்குலக் கான்கிரீட் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் கீழே உமிழும். மாடியில் தூசி படிந்திருந்தால் பெயின்டின் பலனும் பாதியாகும். மாசியில் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள்.

முழுத் தீர்வு, சூட்டைத் தடுக்கும் காப்பு அடுக்குதான். குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் எக்கோ நிவாஸ் சம்ஹிதா விதித்தொகுப்பு (2018), கூரை வழியாகக் கடக்கும் வெப்பத்தின் அளவு, அதாவது யு-மதிப்பு, 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட்டுக்கு அது 3-க்கு மேல். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்ட நம்மூர் வெதரிங் கோர்ஸ் மட்டும் இருந்தால் 2-க்குக் கீழே இறங்குவதே கடினம். 40 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். ஷீட் (கெட்டியான நுரைப் பலகை) சேர்த்தால் சுமார் 0.7-க்கு வந்துவிடும்.

அடுக்கும் வரிசை முக்கியம்: தளம், அதன்மேல் வாட்டம் கொடுத்த நீர்க்காப்பு, பிறகு ஷீட், அதற்கு மேல் கம்பி வலை வைத்த 50 மி.மீ. கான்கிரீட், கடைசியில் வெள்ளை டைல்ஸ். ஷீட் இணைப்புகளில் டேப் ஒட்டாமல் விட்டால் சிமென்ட் பால் இறங்கி உறைந்து, அந்தக் கோடுகள் வழியே சூடு கடக்கும். விலை குறைவென்று மெல்லிய தெர்மாகோல் வைத்தால் மேலே நடக்க நடக்க அமுங்கி டைல்ஸ் வெடிக்கும். பழைய தளம் என்றால் சதுர மீட்டருக்கு 120 கிலோவுக்கு மேல் கூடுதல் எடை ஏறும். தாங்குமா என்று எஞ்சினியரிடம் கேளுங்கள். மழைநீர்க் குழாயின் வாயும் கைப்பிடிச் சுவரின் உயரமும் புது மட்டத்துக்கு ஒத்துவர வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும்.

கேள்வி: மேட்டூர் பக்கத்து ஃப்ளை ஆஷ் கல்லில் கட்டிய சுவரில் மயிரிழை விரிசல்கள். கல் மோசமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: கல்லைவிட அவசரமே பெரும்பாலும் காரணம். மேட்டூர் அனல்மின் நிலையம் இருப்பதால் இந்தக் கல் செய்யும் நிலக்கரிச் சாம்பலுக்கு நமக்குப் பஞ்சமில்லை. சூளையில் சுடாமல் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்துவதால்தான் இந்தக் கல்லுக்குப் பசுமை மதிப்பெண். மூன்று வாரம் பதமாகாமல் லாரியேறிய கல் சுவரில் சேர்ந்தபின் சுருங்கும். இறக்கும்போதே பாருங்கள்: காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள்.

'பலமாக இருக்கட்டும்' என்று கொத்தனார் 1:4 கலவை (ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு பங்கு மணல்) போட்டிருந்தாலும் விரிசல் வரும். கலவை கல்லைவிடக் கெட்டியானால் கல்தான் பிளக்கும், 1:6 போதும். தூணும் சுவரும் சேரும் இடத்தில் கோழி வலை அடிக்காமல் பூசினால் அங்கே நெடுக ஒரு கோடு விழுவது நிச்சயம். இன்னொன்று, இந்தக் கல் அறையைக் குளிரவைக்காது. சூடு கடத்துவதில் செங்கல்லுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. மேற்குச் சுவரில் சூடு குறைய வேண்டுமானால் ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) போடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சரிவில் விடுதி கட்டுகிறோம். மழைநீர் சேகரிப்புக்கு எத்தனை உறிகுழி வேண்டும்?
– வாசகர், ஏற்காடு

பதில்: விடுதிக்கு மேற்புறச் சரிவில் ஒன்றுகூட வேண்டாம். சமவெளியில் நல்லதான உறிகுழி, வெட்டிய மலைச்சரிவில் மண்ணை ஊறவைத்துத் தடுப்புச் சுவரைத் தள்ளிவிடும். மழையைத் தொட்டியில் பிடியுங்கள். ஆண்டுக்கு 1,500 மி.மீ. அளவில் பெய்யும் ஊரில் 1,000 சதுர அடிக் கூரையிலிருந்து ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். நிரம்பி வழிவதைக் குழாய் மூலம் இயற்கை ஓடை வரை கொண்டுபோய் விடுங்கள்; பாதி வழியில் கொட்டினால் அரிப்புதான்.

தடுப்புச் சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு வடிகால் துளை விட்டு, பின்னால் ஜல்லியும் மணலும் அடுக்க வேண்டும். வெறும் மண்ணைத் தள்ளி மூடினால் முதல் ஐப்பசி மழையிலேயே துளை அடைத்துக்கொள்ளும். ஏற்காடு மலையிடப் பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால் கட்டுமான அனுமதிக்குத் தனி விதிகள் உண்டு. மண் வெட்டும் முன்பே அனுமதி கையில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பள்ளிக் கட்டடத்துக்குச் சான்று வாங்க முடிவு செய்துவிட்டோம். எங்கே சறுக்கும்?
– தாளாளர், ஆத்தூர்

பதில்: காகிதத்தில். அஸ்திவாரம் தோண்டுமுன் பதிவு செய்யுங்கள். மேல்மண்ணைத் தனியே குவித்த படம், புழுதித் தடுப்பின் படம் எல்லாம் அன்றைக்கு எடுக்காவிட்டால் பிறகு கிடைக்காது. சிமென்ட் ரசீதில் பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமென்ட்) என்று இருக்க வேண்டும். பெயின்டுக்குக் கம்பெனியின் வி.ஓ.சி. (காற்றில் ஆவியாகும் ரசாயனம்) அளவுச் சான்று, குழாய்க்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற தாள் எல்லாம் கேட்பார்கள். மேற்பார்வையாளர் ஒருவரை மாதந்தோறும் கோப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பி.பி.சி. போடுகிறவர்கள் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்டுவதிலும் கவனம் வையுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456-இன்படி கலப்புச் சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள். சேலம் கோடையில் 14 நாள்.

கேள்வி: சோலார் போட்டால் போதாதா?
– வாசகி, சூரமங்கலம்

பதில்: முதலில் ஃபேனை மாற்றுங்கள். வீட்டில் 75 வாட் ஃபேன் ஐந்து இருந்தால், அவற்றை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக (குறைந்த மின்சாரம் இழுக்கும் மோட்டார் கொண்டது) மாற்றி, தினம் 10 மணி நேரம் ஓட்டினால் 2.25 யூனிட் மிச்சம். ஒரு கிலோவாட் சோலார் தருவதே நாளுக்குச் சுமார் 4 யூனிட்தான். அதற்கு மாடியில் ஏறக்குறைய 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மாடிக்குக் காப்பு அடுக்கு போடும் எண்ணமிருந்தால் சோலார் பீடங்களை முதலில் கட்டிவிடுங்கள். பிறகு துளையிட்டால் நீர்க்காப்பு கிழியும்.