பிள்ளையை விட்டுச் சென்ற வழக்கு சமாதானத்தில் முடியுமா?

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இரண்டு வயதுப் பிள்ளையை விட்டுப் போன தாய் மறுநாளே திரும்பி வந்துவிட்டார். குடும்பமும் சேர்ந்துவிட்டது, வழக்கு முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெற்றவரே கைவிடுவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 93ஆம் பிரிவில் வரும். 7 ஆண்டு வரை சிறை. ஜாமீன் உண்டு, சமரசம் செய்துகொள்ளும் குற்றமல்ல. வழக்கையே ரத்து செய்யக் கேட்பதென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத்தான் போகவேண்டும்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு நிற்பதும் விழுவதும் நோக்கத்தை வைத்துத்தான். அடியோடு கைவிடும் எண்ணம் இருந்ததா? திரும்பி வந்ததைக் காட்டும் கேமரா பதிவு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கான சிகிச்சைச் சீட்டு இரண்டையும் உடனே வக்கீலிடம் சேர்த்துவிடுங்கள். பதிவு சில வாரங்களில் அழிந்துபோகும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவும் போட்டிருந்தால், கைமீறிய சூழலில் பெற்றோர் விட்டுச் சென்றதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக்கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. பிள்ளை இன்னும் காப்பகத்தில் இருந்தால், ஜாமீன் உத்தரவைக் காட்டினால் மட்டும் கைக்கு வராது. பிள்ளையை ஒப்படைக்கும்படி, இளைஞர் நீதிச் சட்டப்படி அமைந்த குழந்தைகள் நலக் குழுவிடம் தனியாகக் கேட்கவேண்டும்.