வாசகர் கேள்விகள்: கேட்டலோனியாவுக்கு ஏன் ஓட்டு இல்ல?

கேள்வி (வாசகர், திருச்சி): 2014-ல ஸ்காட்லாந்துக்காரங்க தனிநாடு வேணுமா வேணாமான்னு நிம்மதியா ஓட்டு போட்டாங்க. 2017-ல ஸ்பெயின்ல இருக்குற கேட்டலோனியா மாநிலத்துல அதே கேள்விக்கு ஓட்டு போடப் போனவங்கள போலீஸ் அடிச்சு இழுத்துச்சு. ஏன் இப்படி?

பதில்: சட்டம் ஒரு காரணம் தாங்க. பிரிட்டன்ல ஒரே புத்தகமா எழுதி வச்ச அரசியல் சாசனம் கிடையாது, அதனால 2012-ல பிரதமர் கேமரூனும் ஸ்காட்லாந்து முதல்வர் அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோவுல உக்காந்து கையெழுத்து போட்டு ஓட்டெடுப்புக்கு வழி பண்ணிட்டாங்க, 16 வயசு பசங்க கூட ஓட்டு போட்டாங்க, 55 சதவீதம் பேர் வேணாம்னு சொன்னதும் சால்மண்ட் ராஜினாமா பண்ணிட்டு போனார். ஸ்பெயினோட 1978 சாசனத்துல 2-வது பிரிவே நாட்டோட ஒற்றுமையை யாரும் பிரிக்க முடியாதுன்னு சொல்லுது.

ஆனா சட்டத்தை மட்டும் சொல்லி முடிச்சா அது பாதி கதை. கேட்டலன் மக்கள் முதல்ல கேட்டது தனிநாடே இல்ல. 2006-ல புது தன்னாட்சி சட்டம் ஒண்ணு போட்டாங்க, ஸ்பெயின் பார்லிமென்ட்லயே பாஸ் ஆச்சு, கேட்டலோனியாவுலயும் ஓட்டெடுப்புல ஜெயிச்சது, அப்புறம் ரஜோய் தலைமையில இருந்த பிபிங்கிற ஸ்பெயின் வலதுசாரி கட்சி கோர்ட்டுக்குப் போச்சு, 4 வருஷம் கழிச்சு 2010-ல அரசியல் சாசன நீதிமன்றம் அதுல 14 பிரிவுகள்ல கை வச்சுது. நாம ஓட்டு போட்டு வாங்கினதை கோர்ட் வெட்டிடுச்சேன்னு பார்சிலோனா தெரு முழுக்க ஜனம். அப்போ பொருளாதார நெருக்கடி வேற. 2012-ல கேட்டலன் முதல்வர் அர்தூர் மாஸ், எங்க வரியை நாங்களே வசூல் பண்ணிக்கிறோம்னு ரஜோய்கிட்ட நேர்ல போய் கேட்டார், அதுக்குள்ள ரஜோய் பிரதமர் ஆகியிருந்தார், முடியாதுன்னுட்டார். பேச்சுக்கான கதவை அப்படி சாத்தினது தான் பெரிய தப்புன்னு நான் நம்புறேன்.

கேள்வி (வாசகி, கோவை): அந்த ஓட்டெடுப்புக்கு அப்புறம் என்னதாங்க ஆச்சு?

பதில்: 2017 அக்டோபர் 1-ல ஓட்டு போட்டவங்கள்ல சுமார் 90 சதவீதம் பேர் பிரியணும்னாங்க, ஆனா வந்து ஓட்டு போட்டதே 43 சதவீதம் தான், பிரிவினை வேணாம்கிறவங்க பெரும்பாலும் வீட்லயே இருந்துட்டாங்க. இதை வச்சு தனிநாடுன்னு அறிவிச்சது கேட்டலன் தலைவர்களோட தப்பு, அதையும் சொல்லணும்ல. அக்டோபர் 27-ல அறிவிச்ச அன்னைக்கே மத்திய அரசு, மாநில ஆட்சியைத் தன் கையில எடுத்துக்க வழி குடுக்குற சாசனத்தோட 155-வது பிரிவை எடுத்து கேட்டலன் ஆட்சியைக் கலைச்சுது, முதல்வர் பூஜ்டிமோன் பெல்ஜியத்துக்கு போயிட்டார், துணை முதல்வர் ஜுன்கெராஸுக்கு 13 வருஷ ஜெயில்னு 2019-ல தீர்ப்பு. கைஷா பேங்க், சபடெல் ரெண்டு பெரிய வங்கியும் 2017-ல பதிவு பண்ண தலைமையகத்தை கேட்டலோனியாவை விட்டு வெளிய மாத்தினாங்க.

எனக்கு ரொம்ப வருத்தம் என்னன்னா, இந்தக் கோபத்துல வளர்ந்தது வாக்ஸ்ங்கிற தீவிர வலதுசாரி கட்சி. பார்லிமென்ட்ல ஒரு சீட் கூட இல்லாம இருந்தவங்க 2019 நவம்பர்ல 52 சீட் வாங்கிட்டாங்க.

கேள்வி (வாசகர், மதுரை): வெளிநாட்டுக்கு ஓடின பூஜ்டிமோனால தான் ஸ்பெயின் சோஷலிஸ்ட் தலைவர் சான்செஸ் மறுபடியும் பிரதமர் ஆனாராமே?

பதில்: ஆமா. 2023 தேர்தல்ல மெஜாரிட்டிக்கு 176 வேணும், சான்செஸ் கட்சிக்கு 121 தான். பூஜ்டிமோன் கட்சியோட 7 எம்.பி. இல்லாம ஆட்சியே அமைக்க முடியாது, அதுக்கு விலையா வந்தது தான், பிரிவினை வழக்குகள்ல சிக்கினவங்களுக்கான 2024 பொதுமன்னிப்பு சட்டம். அப்பவும் பொதுப்பணத்தை செலவழிச்ச கேஸுக்கு அது பொருந்தாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2024 ஆகஸ்ட் 8-ம் தேதி திடீர்னு பார்சிலோனா வந்து மேடையில பேசின பூஜ்டிமோன், போலீஸ் வளைச்சு நின்னும் கண்ணுல படாம பெல்ஜியத்துக்கே போயிட்டார்.

அதே நாள் சட்டமன்றத்துல சான்செஸ் கட்சிக்காரர் சல்வாடோர் இயா முதல்வர் ஆனார். அவருக்கு ஓட்டு போட்டது யாருன்னு பாருங்க, ஜெயிலுக்குப் போய் 2021-ல மன்னிப்புல வெளிய வந்த ஜுன்கெராஸோட கட்சி தான். பதிலுக்கு அவங்க கேட்டது, எங்க வரியை நாங்களே வசூல் பண்ணணும். 2012-ல அர்தூர் மாஸ் கேட்டு வெறுங்கையோட திரும்பின அதே விஷயம்.