ஃபார்மலின் நெடியா, டேப்லெட்டா?

கேள்வி: மகள் எம்.பி.பி.எஸ். முதலாண்டு. உடற்கூறு படிக்கும் அனாட்டமிக்கு 3டி ஆப் போதும், டிசெக்‌ஷன் ஹாலில் இறந்த உடலை அறுத்துப் படிக்க நிற்பது வீண் என்கிறாள். டேப்லெட் வாங்கித் தரலாமா?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: தாராளமாக வாங்கிக் கொடுங்கள் அம்மா, ஆனால் ஹாலுக்கு மட்டம் போட அது சாக்காகிவிடக் கூடாது. அவள் சொல்வதில் பாதி நியாயம்தான். கருவில் குடல் தொப்புள்கொடிக்குள் போய், 270 டிகிரி சுற்றி, திரும்ப வயிற்றுக்குள் வந்து அமர்வதை எங்கள் வாத்தியார் கலர் சாக்பீஸால் வரைந்து, முழங்கையைச் சுழற்றிக் காட்டி, கடைசியில் அவரே குழம்பி நின்றார். எங்களுக்குப் புரிந்தது என்று சொன்னால் பொய். இன்று இரண்டு நிமிட அனிமேஷனில் விளங்கிவிடுகிறது. உள்காது, மூளையின் வென்ட்ரிக்கிள்கள் (உள்ளே திரவம் நிறைந்த அறைகள்), சி.டி. ஸ்கேனின் குறுக்குவெட்டு, இதற்கெல்லாம் ஸ்கிரீன்தான் சரி. 1997-இல் முதலாண்டுப் படிப்பை ஒன்றரை வருடத்திலிருந்து ஒரு வருடமாகக் குறைத்த பிறகு நேரமும் நெருக்கடி.

சிக்கல் எங்கே என்றால், ஆப்பில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். ஃபார்மலினில் பதப்படுத்தி டேபிளில் கிடத்திய உடலில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பழுப்பு. விரலால் உருட்டினால் நரம்பு கெட்டிக் கயிறு போல நழுவும், தமனி குழாய் என்று தெரியும், சிரை அமுங்கிவிடும். கண்ணாடித் திரையைத் தடவி இது வராது.

இன்னொன்று, ஆப்பில் இருப்பது ஒரே ஒரு உடல். இப்போதே கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்கிப் பாருங்கள், நடுவில் ஒரு நாண் துருத்துகிறதா? அது பால்மாரிஸ் லாங்கஸ் தசையுடையது. சிலருக்கு ஒரு கையில் இருக்காது, சிலருக்கு இரண்டிலும் கிடையாது. (இல்லாவிட்டால் பயப்படாதீர்கள், அதனால் ஒரு குறையும் இல்லை.) பித்தப்பைக்குப் போகும் ரத்தக்குழாயும் இப்படித்தான் ஆளுக்கு ஆள் வழி மாறும், அங்கே படத்தை நம்பிக் கத்திரி வைத்தால் வம்பு. அடுத்த டேபிளில் இருக்கும் உடலையும் எட்டிப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: ஒரு டேபிளைச் சுற்றி இருபது பேர். முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரிகிறது. என்ன செய்ய?
- மாணவர், மதுரை

பதில்: ஸ்டூல் மேல் ஏறிப் பார்த்தவன் நான், மறுக்கமாட்டேன். முதல்நாள் இரவே அந்தப் பகுதியை ஆப்பில் தோல், தசை என ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள் தம்பி, அப்போது ஐந்து நிமிடம் இடம் கிடைத்தாலும் தேடவேண்டியது எது என்று தெரியும். அப்புறம், கூட்டம் கலைந்ததும் டியூட்டரிடம் கேட்டு நின்று பாருங்கள். கொடி குத்திய பாகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஸ்பாட்டர் தேர்வில், அந்தக் கொடி இருப்பது உடலில்தான்.

கேள்வி: வயது 74. உடல் தானம் செய்ய ஆசை. கம்ப்யூட்டரே வந்துவிட்டதே, இனி என் உடல் எதற்கு என்கிறான் மகன்.
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்தக் கம்ப்யூட்டர் உடல் எங்கிருந்து வந்தது என்று மகனிடம் கேளுங்கள் ஐயா. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1994-இல் வெளியிட்ட டிஜிட்டல் மனிதர், டெக்சாஸில் 1993-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கைதி. உடலைத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தார். அதை உறையவைத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சீவி 1,871 படங்கள் எடுத்தார்கள். பிற்பாடு வந்த 3டி உடல்கள் பலவற்றுக்கு மூலம் அதுதான்.

பக்கத்திலிருக்கும் மருத்துவக் கல்லூரியின் அனாட்டமி துறையில் படிவம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். கண் தானம் செய்தாலும் உடலைத் தரலாம். போஸ்ட்மார்ட்டம் செய்த உடலைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். தாமதமின்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது உங்கள் மகன்தான், அவர் மறுத்தால் கல்லூரி வற்புறுத்தாது. ஆகவே படிவத்தில் சாட்சிக் கையெழுத்தை அவரிடமே வாங்குங்கள்.