கேப்டோ இணைப்பில் டூலைக் கழற்றி மாட்டினாலும் அளவு ஏன் நகர்வதில்லை?

சாதாரண லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) டூலைக் கழற்றி மாட்டினால் அளவு நகர்ந்துவிடுகிறது, டூலை இயந்திரத்தோடு பொருத்தும் கேப்டோ இணைப்பில் ஏன் அப்படி ஆவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் அதன் வடிவம். சுவீடனின் சாண்ட்விக் கோரோமன்ட் 1990-இல் கொண்டுவந்த இந்த இணைப்பின் தண்டு வட்டமல்ல. முனை மழுங்கிய முக்கோணம், அதுவும் 1:20 சரிவில் கூம்பியது. வட்டக் கூம்பு வெட்டு விசையில் சுழலப் பார்க்கும். அதைத் தடுக்கத் தனியாகச் சாவி (சுழலாமல் பூட்டும் துண்டு) வேண்டும். முக்கோணத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. திருகுவிசையைத் தானே தாங்கி, மையத்துக்கும் தானே வந்துவிடும். உள்ளிழுத்து இறுக்கும்போது கூம்போடு விளிம்பின் தட்டை முகமும் ஒட்டி அமர்வதால் நீளமும் மாறாது. மறுபடி மாட்டும்போது வேறுபாடு ±2 மைக்ரானுக்குள் அடங்கும் என்கிறது நிறுவனம். கூம்பில், வெட்டும்போது உதிர்ந்த ஒரு சிறு இரும்புச் சுருள் ஒட்டியிருந்தால் இத்தனையும் வீண் (அனுபவம்தான்!). இன்செர்ட்டை (டூலின் வெட்டும் முனைத் துண்டை) மாற்றினால் மட்டும் ஆஃப்செட்டை, அதாவது இயந்திரத்தில் பதிந்த டூல் அளவை, சரிபார்த்தாக வேண்டும். அது இணைப்பின் பொறுப்பல்ல.