அந்த 150 – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 71 வயது. கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டிருக்கிறேன். ஆபீஸில் இருந்தபடியே அவருடைய நாடித்துடிப்பை என் போனில் பார்ப்பேன். நேற்று 120 போனதும் பதறிவிட்டேன். இதெல்லாம் நாசா கொடுத்த கொடைதானே? நிலவில் இறங்கும்போது ஆம்ஸ்ட்ராங்குக்கு 150 துடித்ததாம். அவருக்கே பயம் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்!

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

வாட்ச் தோலில் ஒளி பாய்ச்சி நாடி பார்க்கிறது. விண்வெளி வீரர்களின் மார்பில் ஒட்டியது ஈசிஜி மின்முனைகள். அது வேறு வம்சம், விடுங்கள். அமெரிக்கா முதன்முதலில் மனிதரை விண்வெளிக்கு அனுப்பிய மெர்க்குரி திட்டத்தில், வீரர்களின் உடல் வெப்பத்தை அளக்க முதலில் ஆசனவாயில்தான் உணரியைச் செருகினார்கள். கொடை என்று கும்பிடும் முன் அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு எரிச்சல் வந்தது அந்த ‘பயம்’ என்ற இடத்தில்தான். யார் சொன்னது உங்களுக்கு? பாறைகள் இறைந்த பள்ளத்தை நோக்கிக் கணினி கொண்டுபோகிறது, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது, மனிதர் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்து வேறு இடம் தேடி ஓட்டுகிறார். இதயம் துடிக்காமல் தூங்குமா? ராக்கெட் கிளம்பும்போது ஆம்ஸ்ட்ராங்குக்கு 110, கூடப் போன காலின்ஸுக்கு 99, ஆல்ட்ரினுக்கு 88. உங்கள் கணக்குப்படி ஆல்ட்ரின் தைரியசாலி, காலின்ஸ் நடுத்தரம், ஆம்ஸ்ட்ராங் தொடைநடுங்கி. எழுதும்போதே உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டாமா?

என் அப்பா ஐசியூவில் இருந்தபோது நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் மானிட்டரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் விரலில் மாட்டிய கிளிப்பைக் கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தார். அளவு தப்பாக வரும் என்று தம்பி கையை அமுக்கிப் பிடித்தான். நர்ஸம்மா வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தண்ணி கேக்குறாருங்க” என்றார்.

1961 மே 5, விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட். பயணமே 15 நிமிஷம்தானே என்று சிறுநீருக்கு ஏற்பாடு செய்யவில்லை. ஆனால் கிளம்பத் தாமதமாகி, நாலு மணி நேரத்துக்கு மேல் மல்லாந்து கிடந்தார். முடியவில்லை, உடைக்குள்ளேயே போய்விடுகிறேன் என்றார். உணரிகள் ஷார்ட் ஆகுமே என்று கீழே கவலை. கடைசியில் அவற்றுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சரி, போங்கள் என்றார்கள். அந்தப் பயணம் முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அப்புறம் 1970-இல் நிலவுக்குப் போகும் வழியில் பழுதான அப்பல்லோ 13 திரும்பும்போது, அதன் தலைவர் லவல் தன் உணரிகளைத் தானே கழற்றிப் போட்டார்.

120 அடிக்கடி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், அதில் அலட்சியம் வேண்டாம். ஆனால் நேற்று அந்த நேரத்தில் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார்? உங்கள் கடிதத்தில் அது இல்லையே. கேட்டு எழுதுங்கள்.