வாசகர் கேள்வி: வெளிநாட்டில் ஆய்வு செய்யும் மருத்துவ மாணவர்கள்

கேள்வி: அமெரிக்க மருத்துவ மாணவர்கள் சில மாதங்கள் கென்யா போன்ற நாடுகளுக்குச் சென்று ஆய்வு செய்கிறார்களே, அவர்களை மேற்பார்வையிடும் பொறுப்பு யாருடையது?

பதில்: மாணவரின் சொந்தப் பல்கலைக்கழகம், ஆய்வு நடக்கும் நாட்டின் நிறுவனம் ஆகிய இரு தரப்புக்கும் பொறுப்பு உண்டு. ஆயினும், அன்றாடக் கண்காணிப்பு ஆய்வு நடக்கும் ஊரில் இருப்பவரிடமே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இண்டியானா பல்கலைக்கழகம், கென்யாவின் எல்டோரெட் நகரிலுள்ள மோய் பல்கலைக்கழகத்துடன் 1989-இல் தொடங்கிய கூட்டுறவில், அமெரிக்கப் பேராசிரியர்களே அங்கு தங்கிக் கென்ய மருத்துவர்களுடன் இணைந்து பணியாற்றியதால், மாணவருக்கு ஐயம் எழும்போது உடனே கேட்க ஆள் இருந்தது.

ஆய்வில் பங்கேற்போரின் நலன் காக்கப்படுகிறதா என்று பார்க்கும் சொந்தப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி மட்டும் போதாது. கென்ய நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், அந்நாட்டுத் தேசிய அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க ஆணையத்தின் உரிமமும் தேவை. கோடை விடுமுறையை நம்பிக் கிளம்பும் மாணவரிடம், இவற்றுக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பித்தாரா என்றுதான் வழிகாட்டி முதலில் கேட்க வேண்டும். (விமானச் சீட்டு அதற்குப் பிறகுதான்!)

இவற்றினும் நுட்பமானது நோயாளியின் சம்மதம். வெள்ளை அங்கி அணிந்த வெளிநாட்டவரைக் கண்டதும், அவர் சிகிச்சைக்கு வந்த மருத்துவர் என்றும், மறுத்தால் மருந்து கிடைக்காதோ என்றும் நோயாளி எண்ணிவிடக்கூடும். ஆகவே சுவாஹிலியிலோ நோயாளியின் தாய்மொழியிலோ உள்ளூர்ப் பணியாளர் விளக்கிச் சம்மதம் பெறுவதையும், பயிற்சி பெறாத சிகிச்சை எதையும் மாணவர் செய்யாதிருப்பதையும் மேற்பார்வையாளர் நேரில் உறுதிசெய்ய வேண்டும்.